கடனைக் கொல்லும் சொல்!

கடன் வாங்கினால் என்ன செய்ய வேண்டும்?

"அடைக்க வேண்டும்" என்போம். "தீர்க்க வேண்டும்" என்றும் சொல்வோம்.

சுவீடன் நாட்டில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. "அமோர்ட்டேரா" என்பது அந்தச் சொல். கடனின் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்ப்பது என்று அதற்குப் பொருள்.

இது மேலே தெரியும் பொருள். சொல்லின் வேரைத் தோண்டினால் வேறு பொருள் வருகிறது.

என்ன பொருள்?

"சாகடிப்பது!"

ஆம். நாம் கடனை அடைக்கிறோம். சுவீடன்காரர் கடனைக் கொல்கிறார்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி ஒரு சொல்லை வைத்துக் கொண்டே, அந்த நாட்டு மக்கள் பல ஆண்டுகள் கடனைக் கொல்லாமல் விட்டு விட்டார்கள். கடைசியில், "கொல்லுங்கள்" என்று விதி போட வேண்டி வந்தது. அந்த விதியைத் தளர்த்துவது சரியா, தவறா என்று பெரிய வாதமும் மூண்டது.

அந்தக் கதையைப் பார்ப்போம்.

போஸ்ட்மார்ட்டம்

"போஸ்ட்மார்ட்டம்" என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் இறந்த பிறகு உடலை அறுத்துச் செய்யும் சோதனை அது. "போஸ்ட்" என்றால் பிறகு. "மார்ட்டம்" என்றால் சாவு. இரண்டும் லத்தீன் சொற்கள்.

அந்த "மார்ட்டம்" எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்துதான் "அமோர்ட்டேரா"வின் நடுவில் இருக்கும் "மோர்ட்" வந்தது. லத்தீன் மொழியில் சாவுக்கு "மோர்ஸ்" என்று பெயர்.

நமக்குத் தெரிந்த "மரணம்" என்ற வடசொல்லும் இதற்கு உறவுதான். லத்தீனும் வடமொழியும் மிகப் பழைய காலத்தில் ஒரே மூலத்தில் இருந்து கிளைத்தவை. "மரணம்", "மிருத்யு", "மோர்ஸ்" எல்லாம் ஒரே வேரில் முளைத்த கிளைகள்.

ஆகவே, சுவீடன் பாங்கியின் கடன் பத்திரத்தில் உள்ள சொல்லுக்கும், நாம் சொல்லும் மரணம் என்ற சொல்லுக்கும் தூரத்து உறவு இருக்கிறது!

பிரான்சு வழியாக

லத்தீன் சொல் நேராக சுவீடனுக்குப் போகவில்லை. பிரான்சு வழியாகப் போயிற்று.

பழைய பிரெஞ்சு மொழியில் "அமோர்த்தீர்" என்று ஒரு சொல். சாகடிப்பது, உயிர்ப்பை அடக்குவது என்று பொருள்.

அந்தக் காலத்தில் நிலத்துக்கும் இந்தச் சொல்லைச் சொன்னார்கள். ஒருவர் தன் நிலத்தை மாதா கோவிலுக்கு எழுதி வைத்தால், அது மறுபடி கை மாறாது. கோவிலுக்குச் சாவு இல்லை, வாரிசும் இல்லை. விற்பனைக்கும் வராது. ஆகவே, அந்த நிலம் "செத்த கை"க்குப் போய் விட்டது என்றார்கள்.

பிறகு இந்தச் சொல் கடனுக்கு வந்தது. 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசாங்கம் நாட்டுக் கடனைத் தீர்க்கத் தனி நிதி வைத்தது. அந்த நிதியின் பெயரிலும் இந்தச் சொல்தான் இருந்தது. கடனைச் சாகடிக்கும் நிதி!

சுவீடன்காரர்கள் வெளிநாட்டு வினைச் சொல்லை எடுத்துக் கொண்டால், "ஏரா" என்று ஒரு வாலை ஒட்டி விடுவார்கள். "ரிப்பேர்" செய்வதற்கு அவர்கள் மொழியில் "ரெப்பரேரா" என்று பெயர். அதே போல, "அமோர்த்தீர்" என்பது "அமோர்ட்டேரா" ஆயிற்று.

இங்கிலீஷில் அடமானத்துக்கு "மார்ட்கேஜ்" என்கிறார்கள் அல்லவா? அதிலும் அதே "மார்ட்" இருக்கிறது. "செத்த ஈடு" என்று பொருள். பணத்தைக் கட்டாவிட்டால், கடன் வாங்கியவனுக்கு ஈடு செத்தது. கட்டி விட்டால், கடன் கொடுத்தவனுக்கு ஈடு செத்தது. இப்படி ஒரு பழைய விளக்கம் உண்டு.

கடனும் குற்றமும்

கடனுக்கு சுவீடன் மொழியில் "ஸ்குல்ட்" என்று பெயர்.

இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, கடன். மற்றொன்று, குற்றம்! கடன்காரனுக்கும் குற்றவாளிக்கும் அடிச்சொல் ஒன்றே.

ஆதியில் இந்தச் சொல்லுக்கு, "செய்தே ஆக வேண்டியது" என்று பொருள். வடநாட்டுப் பழங்கதையில் ஸ்குல்ட் என்று ஒரு பெண் வருகிறாள். மனிதர்களின் விதியை முடிவு செய்யும் மூன்று பெண்களில் அவள் ஒருத்தி. இனி நடக்க வேண்டியது எதுவோ, அது அவள் பொறுப்பு.

தமிழிலும் "கடன்" என்றால் வாங்கிய பணம் மட்டும் அல்ல. செய்ய வேண்டிய கடமையும் கடன்தான். "நன்றிக் கடன்" என்கிறோம். இரண்டு சொற்களுக்கும் உறவு இல்லை. ஆனால் எண்ணம் ஒன்றாக இருக்கிறது. வாங்கியதைத் திருப்பித் தருவது கட்டாயம் என்பது அந்த எண்ணம்.

இப்படிப்பட்ட சொற்களை வைத்திருக்கும் நாட்டில் கடன் சாகாமல் இருந்தது எப்படி?

வட்டி மட்டும் போதும்!

சுவீடன் ஐரோப்பாவின் வடக்கே உள்ள குளிர் நாடு. ஜனத்தொகை ஒரு கோடிக்குச் சற்று அதிகம். அவர்களுடைய நாணயத்துக்கு "குரோனா" என்று பெயர். கிரீடம் என்று பொருள்.

தலைநகரமான ஸ்டாக்ஹோமில் வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம். பெயரைப் பதிவு செய்து விட்டு, பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே, கடன் வாங்கியாவது சொந்த வீடு வாங்கப் பார்க்கிறார்கள்.

1985-ம் ஆண்டு, பாங்கிகள் இவ்வளவுதான் கடன் கொடுக்கலாம் என்ற கட்டுப்பாட்டை சுவீடன் நீக்கியது. பாங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. வீட்டு விலை ஏறியது. விலை ஏற ஏற, கடனும் ஏறியது.

பிறகு இடி விழுந்தது. 1990-களின் தொடக்கத்தில் வீடு, கட்டிடங்களின் விலை சரிந்தது. பாங்கிகள் தள்ளாடின. 1992 செப்டம்பரில், குரோனாவின் மதிப்பைக் காப்பாற்ற, நாட்டின் தலைமைப் பாங்கியான ரிக்ஸ்பாங்கு ஒரு காரியம் செய்தது. மற்ற பாங்கிகளுக்குத் தான் கொடுக்கும் அவசரக் கடனுக்கு ஆண்டு வட்டி 100-க்கு 500 என்று உயர்த்தியது!

ஆம், ஐந்நூறு வட்டி! சில நாட்கள்தான் அந்த வட்டி இருந்தது. அப்படியும் பலன் இல்லை. நவம்பர் மாதம் குரோனாவை அதன் போக்கில் விட்டு விட்டார்கள். அதன் மதிப்பு விழுந்தது.

இந்த ரிக்ஸ்பாங்கு சாதாரணப் பாங்கி அல்ல. 1668-ம் ஆண்டு தொடங்கியது. உலகத்தில் இப்போது இருக்கும் தலைமைப் பாங்கிகளில் இதுதான் மிகப் பழையது.

காலம் போயிற்று. காயம் ஆறியது. வட்டி இறங்கிக் கொண்டே வந்தது. வீட்டு விலை மறுபடி ஏறியது.

அப்போது ஒரு பழக்கம் பரவியது. மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டுவது. அசலைத் தொடாமல் விடுவது. பாங்கிக்கும் இது சம்மதம். வட்டி வந்து கொண்டே இருக்கிறதே!

அரசாங்கத்தின் வரிச் சலுகையும் இதற்கு உதவியது. கட்டிய வட்டியில், ஒரு வரம்பு வரை, 100-க்கு 30 வீதம் வருமான வரியில் கழித்துக் கொள்ளலாம். அசல் கட்டினால் சலுகை இல்லை!

அசலைக் கட்டியவர்களும் மிக மெதுவாகக் கட்டினார்கள். அந்த வேகத்தில் போனால் கடன் தீர எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு 100 ஆண்டை ஒட்டிப் போயிற்று!

அதாவது, தாத்தா வாங்கிய கடனைப் பேரனாலும் கொல்ல முடியாது.

கீழே போன வட்டி

2015 பிப்ரவரியில் ரிக்ஸ்பாங்கின் வட்டி பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று.

பூஜ்யத்துக்குக் கீழே வட்டியா? ஆம். பாங்கிகள் ரிக்ஸ்பாங்கில் பணம் போட்டு வைத்தால், வட்டி வராது. கையில் இருந்து கொடுக்க வேண்டும்! பணத்தைச் சும்மா வைக்காமல் வெளியே கடன் கொடுக்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. 2019-ம் ஆண்டின் கடைசி வரை இது நீடித்தது.

அந்தக் காலத்தில் வீட்டுக் கடன் ஒன்றரை வட்டிக்குக் கிடைத்தது. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு!

இவ்வளவு மலிவாகக் கடன் கிடைத்தால், யார்தான் வாங்க மாட்டார்கள்? சுவீடன் குடும்பங்களின் மொத்தக் கடன், வரி போக அவர்கள் கைக்கு வரும் ஆண்டு வருமானத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆயிற்று.

கொல்லச் சொன்ன விதி

பாங்கிகளைக் கண்காணிக்க சுவீடனில் ஒரு அரசாங்க அலுவலகம் இருக்கிறது. அது விழித்துக் கொண்டது.

முதலில், 2010 அக்டோபரில் ஒரு எல்லை வைத்தது. வீட்டின் மதிப்பு 100 என்றால், அந்த வீட்டை ஈடாக வைத்து 85-க்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்றது.

அது போதவில்லை. 2016 ஜூன் 1-ந் தேதி, "அசலைக் கட்டியே ஆக வேண்டும்" என்ற விதி வந்தது. புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அந்த விதி:

கடன், வீட்டு மதிப்பில் 100-க்கு 70-க்கு மேல் இருந்தால், ஆண்டுதோறும் கடனில் 100-க்கு 2 வீதம் அசல் கட்ட வேண்டும்.

50-க்கு மேல் 70 வரை இருந்தால், 100-க்கு 1 வீதம் கட்ட வேண்டும்.

2018 மார்ச் 1-ந் தேதி இன்னொரு விதி சேர்ந்தது. வரிக்கு முந்திய ஆண்டு வருமானத்தைப் போல நாலரை மடங்குக்கு மேல் கடன் வாங்கினால், இன்னும் 100-க்கு 1 வீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

சொல் எதைச் சொன்னதோ, அதையே விதியும் சொன்னது. கடனைக் கொல்லு!

ஒரு கணக்கு

இது ஒரு குடும்பத்தை என்ன செய்யும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணவன், மனைவி, ஒரு குழந்தை. 25 லட்சம் குரோனாவுக்கு வீடு வாங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். கையில் இருப்பது 5 லட்சம். கடன் 20 லட்சம். வீட்டு மதிப்பில் இது 100-க்கு 80.

ஒன்றரை வட்டி என்றால், ஆண்டுக்கு 30 ஆயிரம் குரோனா வட்டி. மாதத்துக்கு 2,500.

வட்டியை மட்டும் கட்டினால், பத்து ஆண்டு கழித்தும் கடன் 20 லட்சம். இருபது ஆண்டு கழித்தும் கடன் 20 லட்சம்!

விதிப்படி அசல் 100-க்கு 2 வீதம் என்றால், ஆண்டுக்கு 40 ஆயிரம். வட்டியை விட அசல் அதிகம்! குடும்பத்துக்குக் கை கடிக்கத்தான் செய்யும்.

ஆறு ஆண்டும் மூன்று மாதமும் கட்டினால், கடன் பதினேழரை லட்சத்துக்கு வரும். வீட்டு மதிப்பில் அது 100-க்கு 70. அதன் பிறகு ஆண்டுக்கு 20 ஆயிரம் கட்டினால் போதும். இன்னும் 25 ஆண்டு கட்டினால், கடன் பன்னிரண்டரை லட்சத்துக்கு வரும். அதாவது, வீட்டு மதிப்பில் பாதி.

அத்தோடு விதி விலகிக் கொள்கிறது. அதற்கு மேல் அசல் கட்டச் சொல்லவில்லை!

32 வயதில் வீடு வாங்கியவருக்கு அப்போது 63 வயது. விதி சொன்னபடி 31 ஆண்டு கட்டியாயிற்று. அப்படியும் பன்னிரண்டரை லட்சம் கடன் உயிரோடு இருக்கிறது!

விதி கடனைக் கொல்லவில்லை. அரை உயிர் ஆக்கி விட்டுப் போகிறது. மிச்சத்தைக் கொல்வது வீட்டுக்காரர் இஷ்டம்.

வட்டி ஏறியது

2020-ம் ஆண்டு கொரோனா நோய் வந்தது. பலர் வேலை இழந்தார்கள். ஆகவே, 2020 ஏப்ரல் முதல் 2021 ஆகஸ்டு கடைசி வரை அசல் கட்டாமல் இருக்கப் பாங்கிகள் அனுமதி கொடுக்கலாம் என்றார்கள். கொல்லும் வேலைக்கு விடுமுறை!

பிறகு விலைவாசி ஏறியது. 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் இன்னும் ஏறியது. அதை அடக்க, ரிக்ஸ்பாங்கு வட்டியை ஏற்றியது. 2022 ஏப்ரல் வரை பூஜ்யமாக இருந்த வட்டி, 2023 செப்டம்பரில் 100-க்கு 4 ஆயிற்று.

சுவீடனில் பல வீட்டுக் கடன்களுக்கு நிலையான வட்டி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி மாறும். ஆகவே, ஏற்றம் உடனே வீட்டுக்குள் வந்தது.

மேலே சொன்ன குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். 20 லட்சம் கடனுக்கு நாலரை வட்டி என்றால், ஆண்டுக்கு 90 ஆயிரம். மாதத்துக்கு 7,500. முன்பு 2,500 கட்டியவர்கள் மூன்று மடங்கு கட்ட வேண்டும்! சம்பளமோ மூன்று மடங்கு ஏறவில்லை.

வீட்டு விலையும் 2022-ல் இறங்கத் தொடங்கியது. ஏறும் என்று நம்பி வாங்கியவர்கள் திகைத்தார்கள்.

அசலைக் கொஞ்சமாவது கொன்று வைத்திருந்தவர்களுக்கு அடி சற்றுக் குறைவாக விழுந்தது. அசல் குறைந்தால், ஏறிய வட்டியும் குறைந்த தொகைக்குத்தானே!

2024 மே மாதம் முதல் ரிக்ஸ்பாங்கு வட்டியைப் படிப்படியாகக் குறைத்தது. 2025 செப்டம்பரில் அது 100-க்கு ஒன்றே முக்கால் என்ற அளவுக்கு வந்தது.

இரண்டு கட்சி

வட்டி இறங்கியதும் பழைய பேச்சு கிளம்பியது. "விதி மிகவும் கடுமை. தளர்த்துங்கள்" என்ற பேச்சு.

2025-ம் ஆண்டு சுவீடன் அரசாங்கம் ஒரு திட்டத்தை வெளியிட்டது. வீட்டு மதிப்பில் 85 வரை கடன் என்பதை, 90 வரை என்று உயர்த்தலாம். நாலரை மடங்குக்கு மேல் வாங்கினால் கூடுதலாக 100-க்கு 1 கட்டும் விதியை எடுத்து விடலாம் என்பது திட்டம். 2026 ஏப்ரல் 1-ந் தேதி முதல் என்று நாளும் குறித்தது. 100-க்கு 2, 100-க்கு 1 என்ற அடிப்படை விதியைத் திட்டம் தொடவில்லை.

இதற்கு ஆதரவாகப் பேசியவர்கள் என்ன சொன்னார்கள்?

"இளைஞர்களைப் பாருங்கள். 25 லட்சம் வீட்டுக்கு, 100-க்கு 15 வீதம் கையில் இருக்க வேண்டும் என்றால், 3 லட்சத்து 75 ஆயிரம் வேண்டும். 10 வீதம் என்றால், இரண்டரை லட்சம் போதும். பணக்காரத் தகப்பன் இல்லாத பிள்ளையும் வீடு வாங்கலாம். ஆண்டுக்கு 4 லட்சம் சம்பாதிக்கும் குடும்பம் 20 லட்சம் கடன் வாங்கினால், கூடுதல் விதியால் மட்டும் ஆண்டுக்கு 20 ஆயிரம் அதிகம் கட்ட வேண்டி இருக்கிறது. அந்தப் பணம் குழந்தைக்கு ஆகும்."

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

"எல்லோருக்கும் கூடுதலாகக் கடன் கொடுத்தால், எல்லோரும் கூடுதலாக விலை கேட்பார்கள். வீட்டு விலை ஏறும். இளைஞனுக்கு லாபம் இல்லை. வீட்டை விற்பவனுக்குத்தான் லாபம். கடன் மட்டும் பெரிதாக நிற்கும். மறுபடி வட்டி ஏறினால் என்ன செய்வது?"

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வீடு இல்லாதவன் கஷ்டமும் உண்மை. கடன் பெருத்தால் வரும் ஆபத்தும் உண்மை.

ஆனால் ஒன்றை மறந்து விடக் கூடாது. அசலாகக் கட்டும் பணம் செலவு அல்ல, சேமிப்பு. அந்த அளவுக்கு வீடு சொந்தம் ஆகிறது. வட்டியாகக் கட்டும் பணம் போனது போனதுதான். கையில் கொஞ்சம் மிஞ்சுகிறதே என்று அசலை நிறுத்தினால், அந்தச் சேமிப்பு நின்று விட்டது என்று பொருள். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு வேறு சேமிப்பும் இருக்காது.

ஆகவே, விதியைத் தளர்த்துகிறவர்கள் ஒன்று செய்ய வேண்டும். வாடகை வீடுகளையும் விற்பனை வீடுகளையும் நிறையக் கட்ட வேண்டும். வீடு பற்றாமல் இருக்கும்போது கடனை மட்டும் பெருக்கினால், விலைதான் பெருகும்.

சொல் சொல்லும் பாடம்

"அமோர்ட்டேரா" என்ற சொல்லை உண்டாக்கியவர்களுக்கு ஒரு உண்மை தெரிந்திருக்கிறது.

கடன் தானாகச் சாவது இல்லை. வட்டி கட்டுவது, கடனுக்குச் சோறு போடுவது மாதிரி. அது பசி இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான். அசலில் கை வைத்தால்தான் அதன் உயிர் குறையும்.

சுவீடனுக்கு மட்டும் அல்ல, எந்த ஊருக்கும் இது பொருந்தும். மாதத் தவணை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தத் தவணையில் வட்டிக்கு எவ்வளவு போகிறது, அசலுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அடுத்த முறை பாங்கிக்குப் போனால், அந்த இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். உங்கள் கடன் சாகிறதா, அல்லது உங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டு சுகமாக வாழ்கிறதா என்று தெரிந்து விடும்!